தரிசு என்று எழுதுவதற்கு முன்

உலகப் பறவைப் பட்டியல்களில் நம் புதுச்சேரியின் பெயரைச் சுமந்து நிற்கும் பறவை ஒன்று உண்டு. அது கவுதாரி. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா 1782-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இதைப் 'பாண்டிச்சேரிக் கவுதாரி' என்று விவரித்தார். 1789-இல் க்மெலின் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'பாண்டிசெரியானஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார். இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் அந்தச் சொல் மாறவில்லை.

இதை ஏழாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "அது இப்ப எங்க சார் இருக்கு?"

நியாயமான கேள்வி. கவுதாரி தரையில் முட்டையிடும் பறவை. புல் தூர்களுக்கும் முட்புதர்களுக்கும் நடுவே சிறு பள்ளத்தில் முட்டை வைக்கும். விதையும் பூச்சியும் கறையானும் தின்னும். அதற்கு வேண்டியது அடர்ந்த காடு அல்ல; புல்லும் புதரும் கலந்த திறந்தவெளி. அப்படிப்பட்ட இடங்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் என்னென்ன? பொட்டல், தரிசு, புறம்போக்கு, காலி மனை. நான்கு பெயர்களில் ஒன்றுகூட அங்கே ஏதோ வளர்கிறது என்று சொல்வதில்லை.

அரசுக் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஊரக வளர்ச்சி அமைச்சகமும் தேசியத் தொலையுணர்வு முகமையும் 2000-இல் முதன்முதலாக வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபட நூலில், புதர் மண்டிய நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் தரிசு வகைகளாகவே இடம்பெற்றன. பள்ளிகளில் நாமும் அதையே செய்கிறோம். ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம் வந்ததும், கன்று நட இடம் தேடி, 'சும்மா கிடக்கிற' மூலையைச் சுத்தம் செய்யச் சொல்கிறோம். மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. நமக்கு அருகிலேயே, ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேட்டில், மழைநீர் அரித்து ஓடைகளாய்ப் பிளந்து கிடந்த நிலத்தை மரம் வளர்த்தே மீட்டார்கள். அங்கே அது தேவைப்பட்டது. ஆனால் எல்லாத் திறந்தவெளியும் மரம் இழந்த காடு அல்ல. எது எது என்று தெரிய வேண்டுமானால், நடுவதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டும். 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருப்பதால், அதைக் கற்றுக்கொள்ள இது ஏற்ற நேரமும்கூட.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து நான் இதைச் செய்து வருகிறேன். நான் தாவரவியல் படித்தவன் அல்ல. என் பட்டம் இயற்பியலில். ஆகவே இதைத் தொடங்கத் தாவரவியல் பட்டம் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

புல் எது, கோரை எது

பிள்ளைகளுக்குப் பச்சையாய்த் தரையில் முளைப்பது எல்லாமே புல். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழாசிரியரையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். தொல்காப்பியத்தின் மரபியல், தண்டின் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்பக்கம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். இதைக் கேட்டதும் வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு, மூங்கில் உண்மையிலேயே புல் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், பனையும் தென்னையும் புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரங்கள் என்றும் சொல்லுங்கள். தண்டின் குறுக்குவெட்டைப் பார்த்து வகைப்படுத்தும் பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதை அவர்களே உணர்வார்கள்.

ஆறாம் வகுப்பு அறிவியலில் நரம்பமைவும் வேர்த்தொகுப்பும் பாடமாக வருகின்றன. இணைப்போக்கு நரம்பு, சல்லிவேர் என்றால் ஒருவித்திலை. வலைப்பின்னல் நரம்பு, ஆணிவேர் என்றால் இருவித்திலை. இந்த ஒரு பாடம் போதும், மைதானத்தில் உள்ள செடிகளை இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். அடுத்து, ஒருவித்திலைக் குவியலில் புல்லையும் கோரையையும் பிரிக்க வேண்டும். இதற்குக் கண்ணைவிட விரல் நல்ல கருவி. தண்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டச் சொல்லுங்கள். உருண்டு ஓடினால் பெரும்பாலும் புல். மூன்று விளிம்புகள் விரலில் தட்டினால் கோரை. புல்லின் தண்டில் கணுக்கள் தெளிவாகத் தெரியும், கணுக்களுக்கு இடையே பெரும்பாலும் உள்ளீடற்று இருக்கும். இலைகள் இரண்டு வரிசையில் அமைந்திருக்கும். கோரைத் தண்டு உள்ளே நிறைந்தது, இலைகள் மூன்று வரிசை. உருண்டைத் தண்டுடைய கோரைகளும் சில உண்டு என்பதால் ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டக் கூடாது. கோரைப்பாய் புல்லால் ஆனதல்ல என்ற செய்தி எங்கள் வகுப்பில் ஒரு வாரம் பேசப்பட்டது.

புல்லில் இன்னும் ஒரு நுட்பமான இடம் உண்டு. இலைத்தாளும் தண்டைச் சுற்றிய இலையுறையும் சேரும் இடத்தில், உட்பக்கம் ஒரு சிறு நாக்கு போன்ற பகுதி இருக்கும். சிலவற்றில் மெல்லிய சவ்வு, சிலவற்றில் வெறும் மயிர் வரிசை. பூக்காத புல்லை அடையாளம் காண இந்தச் சிறுநாக்கு பெரிதும் உதவும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இதைப் பார்க்கலாம். நான்கு பேருக்கு ஒரு லென்ஸ் போதும்.

நான்கு விரல் புற்கள்

அடையாளம் காணப் பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது நான்கே புற்கள். நான்கிலும் கதிர்கள் தண்டின் நுனியில் விரித்த கைவிரல்கள் போலக் கிளம்பும். நான்கையும் புதுச்சேரியின் எந்தத் தெருவோரத்திலும் தேடலாம். வித்தியாசங்கள் சிறியவை, ஆனால் ஒருமுறை பிடிபட்டால் மறக்காது.

முதலாவது அறுகம்புல், சைனோடான் டாக்டிலான். மெல்லிய மூன்று முதல் ஆறு விரல்கள், எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். தண்டு தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும். இரண்டாவது மயில்கொண்டைப்புல், குளோரிஸ் பார்பேட்டா. விரல்கள் அதிகம், செம்ஊதா நிறம், ஒவ்வொரு சிறுகதிரிலும் மீசை போன்ற நீட்சிகள் இருப்பதால் மொத்தமும் ஒரு தூரிகை போல் தோன்றும். மூன்றாவது காக்காய்க்கால் புல், டாக்டிலோக்டீனியம் ஈஜிப்டியம். குட்டையான, தடித்த விரல்கள். ஒவ்வொரு விரலின் நுனியிலும் நடு அச்சு வெறுமையாக நீண்டு கூராக முடியும். அதுதான் காக்கை நகம். நான்காவது எல்யூசின் இண்டிகா. பார்த்தால் காக்காய்க்கால் போலவே இருக்கும், ஆனால் நுனியில் நகம் கிடையாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு விரல்கள் மற்றவற்றுக்குக் கீழே தனித்துக் கிளம்பும். தண்டின் அடிப்பகுதி தட்டையாக அழுந்தி, வெளுத்திருக்கும்.

நான்காவது புல்லைப் பார்த்த ஒரு மாணவியின் ஆயா, பசு வைத்திருப்பவர், "இது கேவரு மாதிரி இல்ல சார்?" என்றார். அவர் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. கேழ்வரகும் எல்யூசின் பேரினமே. கேழ்வரகின் இரண்டு மூதாதைக் கிளைகளுள் ஒன்று எல்யூசின் இண்டிகா என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. இந்தியக் குதிரைவாலியும் வயலோரத்தில் களையாய் முளைக்கும் எக்கினோகுளோவா கொலோனா என்ற காட்டுப் புல்லிலிருந்து மனிதர் பழக்கியெடுத்ததே. தினைக்கும் வரகுக்கும் காட்டு உறவினர்கள் உண்டு. சத்துணவில் சிறுதானியம் பற்றிப் பேசும்போது, அதன் சொந்தக்காரர்கள் மதிலோரம் நிற்கிறார்கள் என்று காட்டலாம். உலகில் புல் குடும்பத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அரிசி, கோதுமை, சோளம், கரும்பு எல்லாம் அதற்குள் அடக்கம்.

புல்லல்லாத செடிகள் எளிது, ஏனென்றால் பூக்கள் உதவும். தும்பை, துத்தி, விஷ்ணுகிரந்தி, கொழிஞ்சி, நெருஞ்சி, அம்மான் பச்சரிசி, குப்பைமேனி, மூக்கிரட்டை, சாரணை, பொடுதலை, நத்தைச்சூரி, சிறுபீளை: பாதியைப் பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் வீடுகளில் சிறுபீளையை அறியாதவர் இல்லை. சில பெயர்களே மேய்ச்சல் குறிப்புகள். ஆடுதீண்டாப்பாளை என்ற பெயரை விளக்கவே வேண்டாம்.

பெயரில் உள்ள சிக்கல்

வட்டாரப் பெயர்களை மதித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றோடு நின்றுவிடக் கூடாது. டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்ற செடிக்கு வெட்டுக்காயப்பூண்டு, கிணற்றடிப்பூண்டு, மூக்குத்திப்பூ, தாத்தாப்பூ என்று ஊருக்கொரு பெயர். நான்கு பிள்ளைகள் நான்கு செடிகளாகப் பதிந்துவிடுவார்கள். மறுபக்கம், கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் பல ஃபில்லாந்தஸ் இனங்கள் வழங்குகின்றன. தென்னிந்திய மூலிகைச் சந்தையில் கீழாநெல்லி என்று விற்கப்படுவதில் வேறு இனங்களும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மருந்தாகக் குடிக்கும் செடியிலேயே இந்த நிலை என்றால், பெயரை உறுதி செய்வது வெறும் ஏட்டுப் பயிற்சி அல்ல என்பது புரியும். இதே காரணத்தால் களப்பணியில் எந்தச் செடியையும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி.

பெயர் தெரியாத செடிக்கு நாங்கள் எண்ணும் தற்காலிகப் பட்டப்பெயரும் கொடுக்கிறோம். 'செடி 7, பூனைவால்' என்பது போல. உண்மைப் பெயர் கிடைக்கும்வரை அதே எண் எல்லாத் தாள்களிலும் தொடரும். தெரியாததைத் தெரிந்ததாக எழுதிவிடுவதைவிட, தெரியாது என்று எண் போட்டு வைப்பது மேல். தேர்வுக்குப் பழகிய பிள்ளைகள் கோடிட்ட இடத்தை வெறுமையாக விட மிகவும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

ஐயமுள்ள செடியைப் பாடம் செய்து வைப்பது அவசியம். பூவும் காயும் உள்ள கிளை, புல்லானால் வேர்ப்பகுதியும் சேர்த்து. செய்தித்தாள்களுக்கு இடையே விரித்து, மேலே கனமான புத்தகங்களை வைத்து அழுத்தி, தாளைத் தினமும் மாற்றினால் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும். பூவின் நிறத்தைப் பறித்தவுடனே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் உலர்ந்தால் நிறம் போய்விடும். ஒட்டும் அட்டையின் கீழ் மூலையில் தேதி, இடம், மண்ணின் தன்மை, அருகில் வளர்ந்தவை, சேகரித்தவர் பெயர். அதே செடி சுற்றிலும் இருபதாவது இல்லாவிட்டால் பறிக்கக் கூடாது, படம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையை நூற்றாண்டுகளாகச் செய்துவந்த ஊர் நம்முடையது. 1826-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா இன்றும் நகரின் தெற்கே இருக்கிறது. அதை நெடுங்காலம் வளர்த்த பெர்ரோத்தே இங்கேயே 1870-இல் மறைந்தார். செயிண்ட் லூயி வீதியில் 1955-இல் திறக்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரக் கூடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரத் தாள்கள் உள்ளன. அந்நிறுவனம் 1960-களில் கோசென், லெக்ரி ஆகியோரின் வழிகாட்டலில் தென்னிந்தியத் தாவரப்போர்வையை 1:10,00,000 அளவில் வரைபடமாக வெளியிட்டது. அந்த அளவில் வரைபடத்தின் ஒரு மில்லிமீட்டர், நிலத்தில் ஒரு கிலோமீட்டர். கணித வகுப்பில் இதைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எங்கள் பள்ளி மைதானம் அதில் ஒரு புள்ளியளவுகூட வராது. பெரிய வரைபடம் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதில் விழாத இடங்களை அங்கே குடியிருப்பவர்கள்தான் பதிவு செய்ய வேண்டும்.

நூல் துணைக்கு, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் கூடத்தை 1967-இல் நிறுவிய கே. எம். மேத்யூ அடிகளாரின் தமிழ்நாட்டுக் கர்நாடிகப் பகுதித் தாவரத் தொகுதிகள் சிறந்தவை. ஆங்கிலத்தில் உள்ளவைதான், ஆனால் அவற்றோடு வந்த கோட்டோவியங்களுக்கு மொழி தேவையில்லை. கைப்பேசிச் செயலிகள் பூக்களுக்கு நன்றாக உதவுகின்றன. புற்களில் அடிக்கடி சறுக்குகின்றன. செயலி சொல்லும் பெயரை விடையாக அல்ல, சரிபார்க்க வேண்டிய ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்கிறேன். படங்களை ஆசிரியர் கணக்கிலிருந்து பதிவேற்றுவதே நல்லது.

சதுரம் போட்டு எண்ணுவது

பெயர்ப்பட்டியல் மட்டும் கணக்கெடுப்பு ஆகாது. எது எவ்வளவு என்பது வேண்டும். இதைக் கண்மதிப்பில் சொன்னால் உயரமானதும் நிறமுள்ளதும் அதிகமாகத் தோன்றும். தரையோடு கிடப்பது விடுபடும். 1890-களின் இறுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளிகளில் பவுண்ட், கிளமெண்ட்ஸ் என்ற இருவர் தரையில் சதுரம் வகுத்து எண்ணத் தொடங்கியதற்கு இந்த ஏமாற்றமே காரணம். (பவுண்ட் பின்னாளில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரானார். செடி எண்ணியவர் சட்டம் பேசப் போனதைச் சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள்.)

நமக்குத் தேவை ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம். மின்கம்பி பதிக்கும் பிளாஸ்டிக் குழாய் நான்கு மீட்டரும் நான்கு முக்குகளும் வாங்கினால் போதும். கழற்றி மாட்டலாம். சட்டத்தைக் கண்ணை மூடி எறிவது என்று சில கையேடுகளில் எழுதியிருக்கும். அது உண்மையில் தற்செயல் அல்ல, யார் எறிந்தாலும் வசதியான பக்கம்தான் விழும். அதற்குப் பதில், நிலத்தின் இரண்டு பக்கங்களில் அளவுநாடாவை விரித்து, இரண்டு டப்பாக்களில் எண்களைச் சீட்டாக எழுதிப் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுங்கள். அந்த இரண்டு எண்களும் சந்திக்கும் இடத்தில் சட்டம். ஆயத்தொலைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் இனத்தையும் குறித்து, அது எவ்வளவு தரையை மூடியிருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். 10 செ.மீ. பக்கமுள்ள ஓர் அட்டைத் துண்டு, ஒரு சதுர மீட்டரில் சரியாக 1 விழுக்காடு. அதைக் கையில் வைத்து ஒப்பிட்டால் மதிப்பீடு விரைவில் வசப்படும். ஆனாலும் 17 விழுக்காடா 20 விழுக்காடா என்று மாணவர்கள் வாதாடத் தொடங்குவார்கள். அதைத் தவிர்க்கவே பிரௌன்-பிளாங்கே என்ற தாவரவியலாளர் ஐந்து படிகள் வகுத்தார்: 5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் 1, 25 வரை 2, 50 வரை 3, 75 வரை 4, அதற்கு மேல் 5. இருவர் தனித்தனியே மதிப்பிட்டுப் பிறகு ஒப்பிடுவது எங்கள் வழக்கம்.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, 20 சதுரங்களில் 15-இல் அறுகு இருந்தால் அதன் நிகழ்வெண் 75 விழுக்காடு. எத்தனை சதுரம் போதும் என்ற கேள்வி வரும். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் மொத்தம் எத்தனை இனங்கள் கிடைத்தன என்று வரைபடத் தாளில் குறித்துக்கொண்டே போனால், கோடு முதலில் செங்குத்தாக ஏறிப் பிறகு படுக்கும். படுத்துவிட்டால் பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் வேலை முடியவில்லை.

காலம் முக்கியம். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஐப்பசி மழையில் முளைத்தவை டிசம்பர், ஜனவரியில் பூத்துக் காய்க்கும். அப்போது எண்ணுங்கள். மே மாதத்தில் எண்ணினால் வேரும் சருகும்தான் மிஞ்சும். அதைப் பார்த்துத்தான் தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். இடமும் மாற்றம் காட்டும். மணற்கரையில் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும். லாஸ்பேட்டை, காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் கொழிஞ்சியும் விஷ்ணுகிரந்தியும். குழாயடி ஈரத்தில் கோரையும் பொடுதலையும். எங்கள் மைதானத்தில் பிள்ளைகள் நடந்து இறுகிய பாதையில் அறுகும் காக்காய்க்காலும்தான் நின்றன. பத்தடி தள்ளி, மதிலோரம், வேறு கூட்டம். மிதிபடுவது என்ன செய்யும் என்பதை விளக்க வேறு படம் தேவைப்படவில்லை.

முன்னெச்சரிக்கைகள்: காலை எட்டு முதல் பத்து வரை, மூடிய காலணி, முன்னால் ஆசிரியர் கோலால் தட்டிச் செல்வது. உயர்ந்த புல்லில் பாம்பு இருக்கலாம். பார்த்தீனியம் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. தனியார் நிலமானால் உரிமையாளரிடம் தலைமையாசிரியரின் கடிதத்தோடு கேட்டுச் செல்ல வேண்டும்.

களம் முடிந்து திரும்பியதும் காலுறைகளைக் கழற்றி ஒட்டியிருக்கும் விதைகளைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. நாயுருவி, நெருஞ்சி, ஒட்டுப்புல், ஊசிப்புல் என்று விதை பரவும் பாடம் காலிலேயே வந்திருக்கும். ஊசிப்புல் கிடைத்தால் அதன் முறுக்கிய நீட்சியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்து மெல்லச் சுழலும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஈரமும் வெயிலும் மாறி மாறி வர, விதை தானே மண்ணைத் துளைத்து இறங்கும் பொறி அது. இயற்பியல்காரனான எனக்கு இந்த ஒரு புல்லே போதும்.

ஓர் ஆண்டுப் பட்டியலின் மதிப்பு

முதல் ஆண்டு நாங்கள் பள்ளி மைதானத்தோடு, சாலைக்கு எதிரே இருந்த ஒரு திறந்தவெளியையும் அனுமதி பெற்று எண்ணினோம். மேலே சொன்ன ஆயா, விடியற்காலையில் அங்கே கவுதாரி கத்திக் கேட்டிருப்பதாகச் சொன்னார். நாங்கள் போன நேரங்களில் கேட்கவில்லை. மைதானத்தில் இல்லாத பல செடிகள் அங்கே இருந்தன, விஷ்ணுகிரந்தி உட்பட. மறு ஆண்டு நாங்கள் சட்டத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பே பொக்லைன் வந்து மண்ணைப் புரட்டிவிட்டது. இப்போது அங்கே கல் நட்ட மனைகள். உரிமையாளர் தம் நிலத்தை விற்றார். அதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. ஆனால் அங்கே என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் விடை சொல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் இருபது தாள்கள் மட்டுமே உள்ளன. அந்தத் தாள்களை அலமாரியில் தனிக் கோப்பாக, உலர்ந்த வேப்பிலையோடு, பூட்டி வைத்திருக்கிறேன்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுவதன் பயனுக்கு உலகறிந்த சான்று இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட்டில் இருக்கிறது. அங்கே 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் தொடர்கிறது. ஒரே வயலைப் பாத்திகளாகப் பிரித்து வெவ்வேறு உரம் இட்டதில், சில ஆண்டுகளுக்குள் பாத்திக்குப் பாத்தி செடிகளே மாறிப்போயின. அந்நாட்டில் 2015 முதல் தன்னார்வலர்களே ஆண்டுதோறும் சிறு சிறு சதுரங்களை எண்ணித் தரும் தேசியத் திட்டமும் நடக்கிறது. இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகள் மரங்களின் பூக்கும் காலத்தைப் பதியும் சீசன்வாட்ச் திட்டம் 2010 முதல் உண்டு. புல்லுக்கு அப்படி ஒன்று நம்மிடம் இன்னும் இல்லை. பசுமைப் படை மன்றம் உள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் மைதானத்தில் பத்துச் சதுரங்களை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணினாலே ஒரு தொடக்கம் ஆகும். சதுரங்களின் இடத்தை மதிலிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள். ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் அடுத்தவர் அதே இடத்தில் சட்டம் வைக்க முடியும்.

எங்கள் மைதானத்தின் தென்மேற்கு மூலையில் நீளமான ஒரு பட்டையை இப்போது வெட்டாமல் விட்டிருக்கிறோம். உடற்கல்வி ஆசிரியரோடு பேசி, ஓடுபாதைக்கு இடைஞ்சல் இல்லாமல் கயிறு கட்டி ஒதுக்கியது. இந்த ஜூலையில் அதில் கன்று நடவில்லை. கன்றுகள் வாயிற்பக்கம் போயின. பட்டியலில் 'செடி 23, எலிக்காது' என்று இருப்பதற்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. இலை இருக்கிறது, வேர் இருக்கிறது, பூ மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை. மாலையில் பூத்து மூடிவிடுகிறதோ என்று ஒரு மாணவி சந்தேகப்படுகிறாள். பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நான்கு மணிக்கு மேல் முறை வைத்துப் போய்ப் பார்ப்பதாக ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.